முற்றத்தில் ஒரு வாரம்

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஏதாவது முளைத்திருக்கிறது. யுத்தம் வந்து அரிசியை அளந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, கீரை போடுவதும் மரச்சீனிக் கம்பு நடுவதும் ராஜபக்தியில் ஒரு வகையாகிவிட்டது. கச்சேரியில் என் மேலதிகாரி தம் வீட்டு வெண்டைச் செடிகளைப் பற்றி, பரீட்சையில் தேறிய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறார். என்னிடம் யாராவது தோட்டத்தைப் பற்றி யோசனை கேட்டால் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். எனக்கு அனுபவம் இல்லாததால் அல்ல. இருப்பதால்.

யுத்தத்துக்குச் சில வருஷம் முந்தி, திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த தெரு வீட்டைக் காலிசெய்துவிட்டு, வஞ்சியூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். கோட்டைக்குள் ஒரு வீட்டின் முன்னால் இருப்பது இன்னொரு வீடுதான். கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரர் பல் தேய்ப்பதைப் பார்க்கலாம். அவரும் நம்மைப் பார்ப்பார். புது வீட்டில் வேலிக்கதவுக்கும் வராந்தாவுக்கும் நடுவே நல்ல அகலமாகச் செம்மண் தரை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிணறு, நடுவில் நடைவழி. ‘முற்றம்’ என்றார் வீட்டுக்காரர். தமிழனுக்கு முற்றம் என்றால் வீட்டுக்கு உள்ளே வானம் தெரிகிற இடம். மலையாளிக்கு வீட்டுக்கு வெளியே தெரு தெரிகிற இடம். இருபது வருஷம் இந்த ஊர் உப்பைத் தின்றும், மலையாளத்தில் நெடுநெடுவென்று ரிப்போர்ட்டு எழுதியும், இந்த மாதிரிச் சின்ன வார்த்தைகளிடம் நான் ஜாக்கிரதையாக இருக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி உற்சவம் பார்க்க என் அக்கா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். அத்திம்பேர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. அன்றுமுதல் அவருடைய தம்பி வீட்டில் இருந்தாள். ‘இருந்தாள்’ என்பது மரியாதைக்காகச் சொல்வது. சமைத்தாள்.

உற்சவம் முடிந்தது. அக்கா ‘கிளம்பறேன்’ என்று சொல்லவில்லை. ‘இருக்கேன்’ என்றும் சொல்லவில்லை. அவள் எங்களோடேயே இருந்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் அபிப்பிராய பேதமே கிடையாது. எங்கள் தாம்பத்தியத்தில் அப்படிப்பட்ட விஷயங்கள் சொற்பம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் ஆசையை நாங்கள் காட்டிய விதத்தில்தான் கோளாறு. என் மனைவி, பாவம், நல்ல மனசோடு அக்காவைச் சமையலறைப் பக்கமே அண்டவிடவில்லை.

“நீங்க உழைச்சதெல்லாம் போறும் அக்கா. பேசாம உக்காருங்கோ.”

அக்காவுக்குப் பேசாமல் உட்காரத் தெரியாது. கூடத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தால், “எனக்கு எதுக்குடி சிரமப்படறே?” என்பாள். ஒரு மனுஷியை எவ்வளவுக்கெவ்வளவு உபசாரம் செய்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு அவள் விருந்தாளியாகிவிடுகிறாள். விருந்தாளி என்றைக்காவது ஊருக்குப் போய்த்தான் தீரவேண்டும்.

ஒருநாள் காலையில் அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்தபடி, “இவ்வளவு மண்ணு சும்மாக் கெடக்கே” என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. சமையலறை என் மனைவியின் ராஜ்யம். கூடம் யாருடையதும் அல்ல. முற்றத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட்டால்? அவள் பார்த்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் வாடிப்போகும் என்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் எந்த முகத்தோடு ரயிலேறுவாள்?

புத்தியுள்ளவனாக இருந்திருந்தால் அன்றே நாலு விதையைத் தூவியிருப்பேன். நான் படித்தவன். பொதுப் புஸ்தகசாலைக்குப் போய், ஓர் இங்கிலீஷ் துரைசானி எழுதிய தடியான தோட்டக்கலைப் புஸ்தகத்தை எடுத்துவந்தேன். ஐப்பசி மாதத்து வேலைகளை முதல் உறைபனி விழுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் கண்டிப்பாக எழுதியிருந்தாள். திருவனந்தபுரத்தில் முதல் உறைபனி இன்னும் விழவில்லை. ஆகவே அவகாசம் இருந்தது. கச்சேரிக் காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தேன். நடைவழிக்கு இடப்பக்கம் பிறைச் சந்திரன் வடிவத்தில் ஒரு பூப்பாத்தி, வலப்பக்கம் நட்சத்திர வடிவத்தில் ஒன்று.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “இதென்னன்னா, துருக்கிக் கொடியா?”

“பூந்தோட்டம். அக்காவுக்கு.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? பூவைக் கொண்டுபோய் அக்காட்டக் கொடுக்கறேளே. பறிச்சு அவா என்ன பண்ணுவா?”

அந்த அம்மாள் புஸ்தகத்தில் எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் என்று இருந்ததே தவிர, எந்தப் பெண்ணுக்கு எந்தப் பூ கூடாது என்று இல்லை. ஆனால் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது.

“தலையில வெச்சுக்கறவாதான் பூச்செடி வளக்கணும்னா, அம்பிக்கு எதுக்குடி தோட்டம்?”

அப்போதே என் தலை அந்த முற்றத்தைப் போலத்தான் இருந்தது. என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா எழுந்து வந்து என் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பிறையும் வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். வழிக்கு இந்தப் பக்கம் ஒரு பாத்தி, அந்தப் பக்கம் ஒரு பாத்தி. நேரா இருக்கட்டும், இல்லேன்னா எட்டி எட்டித் தண்ணி ஊத்தணும் பாரு. சாமிக்குப் பாதி, சாம்பாருக்குப் பாதி.”

சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கி, இங்கேயிருந்து இதுவரைக்கும் என்று காலால் கோடு இழுத்துக் காட்டினாள். வந்ததிலிருந்து அவள் அத்தனை வேகமாக நடந்து நாங்கள் பார்க்கவில்லை. பக்கத்துத் தோப்பில் தென்னை மூட்டில் மண் வெட்டுகிற ஆளுக்குச் சொல்லியனுப்பினேன்.

அந்த ஆள் வருவதாகச் சொன்னதற்கு முதல்நாள் சாயங்காலம் அத்திம்பேரின் தம்பி வந்து சேர்ந்தார். பத்மநாப ஸ்வாமியைத் தரிசிக்க வந்ததாகச் சொன்னார். கோட்டைக்குள் ஒரு பந்து வீட்டில் இறங்கியிருந்தார். அவரைப் பொல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. களைத்துப்போன மனுஷர். வீட்டில் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இருக்கிற குழந்தைகளுக்கு யார் சோறு போடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

“மன்னி இல்லாம அங்கே ஒரு காரியமும் ஓடல்லே ஓய்,” என்றார். “ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அனுப்பினாலும் சரி. எப்போன்னு முடிவாச் சொல்லிடுங்கோ. நாளைக்குச் சாயங்காலம் வரேன்.”

அக்கா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ‘அவள் வரமாட்டாள், இங்கேதான் இருப்பாள்’ என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் வாயால் சொல்லட்டும், நாம் பிடித்து வைத்தோம் என்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். நான் சொல்லட்டும், தானாக ஒட்டிக்கொண்டோம் என்று இருக்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். இப்படி இரண்டு பேரும் மரியாதையாக வாயை மூடிக்கொண்டோம். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன் நான்.

மறுநாள் காலையில் வராந்தாவில் நின்று தலைப்பாகை சுற்றிக்கொண்டிருந்தேன். கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. மனைவி கொல்லையில் இருந்தாள். அக்கா வராந்தாவை ஒட்டிய பூஜை அறையில். மண்வெட்டிக்காரர் மதிலோரம் நின்று, முற்றத்தை ஒரு தேசத்தைப் பிடிக்கப்போகிற தளவாய்போல நோட்டம் பார்த்தார். பிறகு அங்கிருந்தே கேட்டார்:

“சாமியே, வாரம் ரெண்டு மதியோ?”

மதி என்றால் போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரமா! இரண்டு பாத்தி வெட்ட இரண்டு வாரமா! என் மனக்கண்ணில் அவர் பலாமரத்து நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு இரண்டு வாரத்தைக் கழிக்கிற காட்சி முழுசாக ஓடியது.

“ரெண்டு வாரமா? நடக்கவே நடக்காது!” என்று கத்தினேன். “ஒரு வாரம் போறும். அதுக்கு மேலே நான் வெச்சுண்டிருக்க மாட்டேன்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “ஒண்ணு மதியோ? அப்போ குறுக்கேயோ சாமி?”

‘குறுக்கியோ’ என்று என் காதில் விழுந்தது. பேரத்துக்கு வருகிறான் மனுஷன் என்று சந்தோஷப்பட்டேன்.

“ஆமாம், எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கு!” என்று சொல்லிவிட்டு, ஒரு நிர்வாகஸ்தனின் நிறைவோடு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாயங்காலம் பழவங்காடியில் ஒரு கடையில் ஏறி விதை கேட்டேன். “என்ன விதை?” என்றான் கடைக்காரன். “சாமிக்குப் பாதி, சாம்பாருக்குப் பாதி” என்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எதையோ ஒரு காகிதத்தில் கலந்து கட்டிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து வேலிக்கதவைத் திறந்து, அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வழக்கம்போல நடந்தேன்.

மூன்றாவது அடியில் பூமி உள்வாங்கியது. முழங்கால் வரை இளமண். எடுத்த காலில் செருப்பு இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மதிலிலிருந்து கிணறு வரைக்கும், முற்றத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு, நடைவழியை விழுங்கிவிட்டு, ஒரே ஒரு மண்மேடு. யானை ஒன்று படுத்துத் தூங்குகிற மாதிரி இருந்தது. வீடு அந்தப் பக்கம், உலகம் இந்தப் பக்கம். மண்வெட்டிக்காரர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா இது?”

“வாரம்” என்றார் பெருமையோடு. “சாமி பறஞ்ஞதுபோலத் தன்னே. ஒண்ணு மதின்னு பறஞ்ஞு, ஒண்ணே வெட்டி. குறுக்கேன்னு பறஞ்ஞு, குறுக்கே வெட்டி. எனிக்கு இஷ்டமில்லே கேட்டோ. வழி எவிடே? ஆனா சாமி கோபப்பெட்டல்லோ!”

மத்தியானத்திலிருந்து அக்காவோடு உள்ளேயே இருந்த என் மனைவி, சத்தம் கேட்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அவள் கரமனையில் பிறந்து வளர்ந்தவள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் காலையில் நடந்த சம்பாஷணையைச் சொன்னதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ, செடிக்கு மண்ணைக் கூட்டி மேடாக்கினா அதுக்கு இங்கே வாரம்னுதானே பேர்! பாத்தி ரெண்டு போறுமான்னு கேட்டிருக்கார். ஏழு நாளைக்கு இவா ஆழ்ச்சன்னு சொல்லுவா. இருபது வருஷமா இங்கே என்னத்தை எழுதறேள்?”

“எங்கள் காகிதங்களில் வாரம் என்றால் ஏழு நாள்தான்” என்றேன் கௌரவமாக, ஒற்றைக் காலில் நின்றபடி.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். முகம் மாறிப்போயிற்று.

“ஏன்னா... அப்போ ஒரு வாரம்தான் வெச்சுண்டிருப்பேன்னு நீங்க சொன்னது இவர்கிட்டயா?”

“வேறே யார்கிட்ட?”

“அக்கா பெட்டியைக் கட்டி வெச்சுட்டா. உள்ளே உங்க குரல் மட்டும் கேட்டிருக்கு. அவா மச்சினர் காலம்பரயே வந்துட்டார்னும், அவர்கிட்டதான் சொல்றேள்னும் நெனச்சுண்டிருக்கா. ‘அம்பி ஒரு வாரம்னு சொல்லிட்டான், ஒரு வாரம் எதுக்கு, இன்னிக்கே போயிடறேன்’னு மத்தியானம் என்கிட்ட சொன்னா. நீங்களா அப்படிச் சொன்னேள்னு எனக்கு உங்க மேலே வந்த கோவத்துக்கு...”

மேட்டை எப்படித் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. மற்றச் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டேன். அக்கா கூடத்தில் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை மண்ணோடும் தலைப்பாகையோடும் போய் நின்றேன்.

“அக்கா, நான் சொன்னது வாரம். மண்ணு! ஏழு நாள் இல்லே. அதாவது நான் சொன்னது ஏழு நாள்தான், ஆனா அவன் கேட்டது மண்ணு. உன்னைச் சொல்லல்லே. மண்ணைச் சொன்னேன். மண்ணையும் சொல்லல்லே...”

எழுதிப் பிழைக்கிறவன் பேசுகிற பேச்சு இது. என் மனைவி வந்து இரண்டே வாக்கியத்தில் புரியவைத்தாள். அக்கா கேட்டுக்கொண்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“நீ அப்படிச் சொல்லியிருந்தாலும் தப்பில்லேடா அம்பி” என்றாள் மெதுவாக.

என் மனைவிக்குத்தான் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு நல்ல தமிழ் வரும்.

“என்ன தப்பில்லே? நன்னாச் சொல்றேளே! வாசல்ல மலையைக் கொண்டுவந்து வெச்சுட்டு எல்லாரும் எங்கே போறேள்? அதை யார் பாத்துக்கறது? இவரா? இவருக்குத் துளசிக்கும் தும்பைக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு அடுப்படியே முடியல்லே. ஒத்தைக் கையாத் திண்டாடிண்டிருக்கேன்.”

அக்கா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். “முடியல்லேன்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீங்க கேக்கறதுக்கென்ன?”

அக்கா என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். “அதென்ன?”

“விதை.”

“கொண்டா” என்று வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

நாங்கள் பின்னாலேயே போனோம். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டியை விரலால் உடைத்து, விதையைத் தூவி, மண்ணை மூடிக்கொண்டே போனாள். பாதித் தூரம் போனபோது வேலிக்கதவு கிறீச்சிட்டது. அத்திம்பேரின் தம்பி, கோவிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். புது வேஷ்டி, நெற்றியில் சந்தனம். மேட்டின் அந்தப் பக்கத்தில் திகைத்து நின்றார்.

“என்ன ஓய், வாசல்ல அணைக்கட்டு?” என்று வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எடுத்தார்.

“அங்கேயே நில்லு” என்றாள் அக்கா. அவள் வாழ்க்கைப்பட்டுப் போனபோது அவர் தவழ்கிற குழந்தை. “மிதிக்காதே. விதை போட்டாச்சு.”

அவர் காலைக் கீழே வைத்தார். “மன்னி, முடிவு கேட்டுண்டு போகலாம்னு...”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. நல்ல வேளையாக அக்கா முந்திக்கொண்டாள்.

“நான் இங்கேதான் இருக்கப்போறேன்.”

‘நான்’ என்று ஆரம்பித்து அவள் ஒரு வாக்கியத்தை முடித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். சொல்லிவிட்டு இன்னொரு கட்டியை விரலால் உடைத்தாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “அங்கே அவளுக்கு மாசம் ஆயிண்டிருக்கே மன்னி. குழந்தைகள் வேறே. நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?”

“பிரசவத்துக்கு வரமாட்டேன்னு யார் சொன்னா? எழுதிப் போடு, வரேன். குளிப்பாட்டிக் கரையேத்தி விட்டுட்டு வரேன். குழந்தைகளைப் பாக்காம எனக்கு மட்டும் இருக்க முடியுமா? ஆனா திரும்பி இங்கே வந்துடுவேன். அதுக்குள்ள ஒரு சமையக்காரியைப் பாத்து வை.”

கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவர் அந்த மேட்டைப் பார்த்தார், அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“பிரசவத்துக்கு வந்துடுவேளோல்லியோ?”

“வந்துடுவேன்.”

“என்ன விதை மன்னி?” என்றார் கடைசியில், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

“யாருக்குத் தெரியும்? இவன் வாங்கிண்டு வந்தது.”

அவருக்கு அந்தப் பக்கத்திலேயே காப்பி கொடுத்தோம். நான் இந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி டம்ளரைக் கொடுக்க, அவர் அந்தப் பக்கத்திலிருந்து எக்கி வாங்கிக்கொண்டார். மறுநாள் மண்வெட்டிக்காரர் வந்து, தமக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்லிக்கொண்டே நடுவில் வெட்டி நடைவழியைத் திறந்துவிட்டார். பாதிக்குமேல் கீரையாக முளைத்தது, மீதி செண்டுமல்லி. இடையில் ஒரு செடி என்னவென்றே கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அக்கா அதற்கும் தண்ணீர் ஊற்றினாள். சமையலறையில் இரண்டு குரல் கேட்க ஆரம்பித்தது. சில நாட்களில் இரண்டும் ஒரே சமயத்தில் கேட்டன.

தை பிறந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வந்தது. அக்கா போனாள். போகிறபோது திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனாலும் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு வந்த என் மனைவி இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கைக்குழந்தை, மூத்ததுகள், பழகின வீடு. நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டால் எந்த மனசு இளகாது? நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. முற்றத்தைப் பார்ப்பதையும் இரண்டு பேருமே தவிர்த்துவந்தோம்.

மாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் நான் கோட்டும் தலைப்பாகையுமாக வராந்தாவில் நிற்கிறேன், வாசலில் ஜட்கா வந்து நின்றது. அக்கா இறங்கினாள். வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் வராந்தாவுக்கு வரவில்லை. பாத்தியோரமாகக் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள், மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு, ‘வா’ என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், தெருவே கேட்கும்படி ஆரம்பித்தாள்.

“ஏண்டா அம்பி, வீட்ல மனுஷா இருக்கேளா இல்லியா? நான் ரெண்டு நாள் இல்லேன்னா இப்படியா காயப் போடறது? எல்லாம் பழுத்துப் போச்சு பாரு! இவ எங்கே? ரெண்டு பேருமாச் சேந்து ஒரு குடம் தண்ணி இறைக்க வக்கில்லியா? சிரிக்கிறான் பாரு! போ, போய்க் குடத்தை எடு!”

கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. கோட்டைக் கழற்றக்கூட நிற்காமல் கிணற்றடிக்குப் போனேன்.